குண்டு விழுந்த பிறகும் வேலை நேரம்

ரிச்சர்ட் லெஸ்டர் இயக்கிய ‘தி பெட் சிட்டிங் ரூம்’ (1969) படத்தில் மூன்றாம் உலகப் போர், சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட நேரமும் சேர்த்து, 2 நிமிடம் 28 நொடியில் முடிந்துவிடுகிறது. லண்டனில் மிஞ்சியது குப்பைமேடும் விரல்விட்டு எண்ணக்கூடிய மனிதர்களும்தான். ஆனாலும் வேலை நிற்கவில்லை. ஒருவர் சைக்கிள் மிதித்து மின்சாரம் எடுக்கிறார். பலூனில் தொங்கும் நசுங்கிய காரிலிருந்து போலீஸார் எவரையும் ஓரிடத்தில் நிற்க விடாமல் விரட்டுகிறார்கள். பிபிசி செய்தியாளர் ஒவ்வொரு ஆளாகத் தேடிப் போய், வெறும் கூடாகிப்போன தொலைக்காட்சிப் பெட்டிக்குள் முகம் காட்டிச் செய்தி வாசிக்கிறார். ஸ்பைக் மில்லிகனும் ஜான் ஆன்ட்ரோபஸும் எழுதிய மேடை நாடகத்திலிருந்து பிறந்த இந்தப் படத்தை அபத்தக் கூத்து என்று ஒதுக்கிவிடுவார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனின் வேலைப் பண்பாட்டுக்கு இது நேர்மையான சாட்சி என்பேன்.

அந்தச் செய்தியாளரையே எடுத்துக்கொள்வோம். 1920-களில், யார் கண்ணிலும் படாத வானொலி அறிவிப்பாளர்களையே டின்னர் ஜாக்கெட் அணியவைத்த நிறுவனம் பிபிசி. பார்க்க ஆளில்லாவிட்டாலும் முறை மாறாத அந்தப் பழக்கமே படத்தில் தொடர்கிறது. அரசும் அப்படித்தான். பிரிட்டன் மீது பத்து ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தால் சுமார் 1.2 கோடிப் பேர் மாண்டுபோவார்கள் என்று 1955-இல் ஸ்ட்ராத் அறிக்கை அரசை எச்சரித்தது. அதற்குப் பின்னும் வில்ட்ஷயரின் கோர்ஷமில், பூமிக்கடியில், 4,000 பேர் தங்கி அரசாங்க வேலையைத் தொடர இடம் தயாரானது. தொலைபேசி நிலையம் இருந்தது. பிபிசிக்கு ஒலிபரப்பு அறையும் இருந்தது. எல்லாம் ரகசியமாக இருந்ததால், படத்தை எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. தெரியாமலே இவ்வளவு நெருங்கியிருக்கிறார்கள் என்பதுதான் என்னை உலுக்குகிறது.

கடமை தவறாமைதானே 1940-இல் குண்டுமழைக்கு நடுவே லண்டனைக் காப்பாற்றியது, அதைப் பழிக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அன்று தீயணைப்பு வீரருக்கு அணைக்க நெருப்பு இருந்தது, காப்பாற்ற மனிதர் இருந்தார். படத்திலோ உயிரோடு நிற்கும் ஒரு தாயிடம் அவளுடைய இறப்புச் சான்றிதழ் நீட்டப்படுகிறது. காகிதம் சொல்வதே செல்லும். யாருக்காக வேலையோ அவர் மறைந்த பிறகும் நடைமுறை மட்டும் உயிரோடிருப்பதைத்தான் லெஸ்டர் பழிக்கிறார், உழைப்பை அல்ல. நகைச்சுவைத் துணுக்குகளின் கோவைதானே என்பவர்கள், அநேகமாக ஒவ்வொரு துணுக்கும் ஒரு பதவியைச் சுற்றியே இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

படம் தோற்றது. 1973-இல் ‘தி த்ரீ மஸ்கடியர்ஸ்’ வரும்வரை லெஸ்டருக்கு அடுத்த படம் வெளியாகவில்லை. கோர்ஷம் நிலவறையின் ரகசியத் தடை 2004-இல்தான் நீங்கியது.