செவிலிக்கும் ஒரு தோழி

பழந்தமிழ் அகப்பாட்டுகளைப் பயின்றோர் செவிலி என்னும் சொல்லை நன்கு அறிவர். பெற்றவளை நற்றாய் என்றும், வளர்த்தவளைச் செவிலித்தாய் என்றும் நம் முன்னோர் பிரித்து வழங்கினர். தலைவிக்கு உற்ற துணையாகிய தோழி அச்செவிலியின் மகளே என்று தொல்காப்பியம் கூறும். இன்று நோயாளியின் கட்டிலருகே நின்று பணிபுரியும் நர்ஸ் அம்மையாருக்கு அப்பழஞ்சொல்லையே நாம் சூட்டியிருக்கிறோம். பொருத்தமான பெயர்தான். ஆயினும் ஒன்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தலைவியின் துயரைக் கேட்கத் தோழி இருந்தாள். மருத்துவமனைச் செவிலியின் துயரைக் கேட்பவர் யார்? இவ்வினாவுக்கு விடையாக எழுந்ததே செவிலியர் சங்கங்களின் வரலாறு. அதனை இம்மலரின் வாயிலாக நம் சங்க அன்பர்களுக்குச் சுருங்கச் சொல்ல விழைகிறோம்.

இருப்புப் பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்கு மருத்துவ நூலறிவு கிடையாது. நம் படிப்பும் பள்ளியிறுதி வகுப்போடு நின்றது. ஆனால், பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்தோர் ஒருவரையொருவர் நாடிச் சங்கம் காண்பதன் அருமையை நாம் அனுபவத்தால் அறிவோம். செவிலியரும் அவ்வாறே ஒன்றுகூடினர். நம் போன்றோர் மொழியின் பொருட்டும் உறவின் பொருட்டும் கூடினோம். அவர்களோ உயிர்காக்கும் பணியின் பொருட்டுக் கூடினர்.

இலட்சுமணபுரியில் ஒன்பதின்மர்

நம் நாட்டில் செவிலியர் பயிற்சியின் தொடக்க வரலாற்றில் சென்னைக்குச் சிறந்த இடம் உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871ஆம் ஆண்டில் நான்கே மாணவியருடன் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. பின்னர்ப் பம்பாய், கல்கத்தா முதலிய நகரங்களிலும், கிறித்தவத் திருச்சபையினர் நடத்திய மருத்துவமனைகளிலும் பயிற்சி பரவிற்று. ஆயினும் பயின்று வெளிவந்தோர் மிகச் சிலர். அவர்களும் ஒருவரோடொருவர் தொடர்பின்றிச் சிதறிக் கிடந்தனர். ஒரு மாவட்டத் தலைநகரில் பயிற்சி பெற்ற செவிலி ஒருவர் இருந்தால், தம் பணியைப் பற்றிப் பேச அவ்வூரில் அவருக்கு வேறொருவர் இல்லை. ஐயம் எழுந்தால் கேட்பதற்கு ஆளில்லை. தவறு நேர்ந்தால் திருத்துவாரில்லை. மனம் சோர்ந்தால் தேற்றுவாரில்லை.

இக்குறையை உணர்ந்த செவிலியர் மேற்பார்வையாளர் சிலர் 1905ஆம் ஆண்டில் இலட்சுமணபுரி எனப்படும் லக்னோ நகரில் கூடி ஒரு சங்கம் கண்டனர். அவர்கள் ஒன்பதின்மர், அனைவரும் ஐரோப்பியப் பெண்மணிகள். தொழிலின் மதிப்பைக் காத்தல், செவிலியரிடையே ஒற்றுமையுணர்வை வளர்த்தல், தொழில் பற்றிய செய்திகளில் ஒருவரோடொருவர் கலந்து ஆராய்தல் என்பன அவர்கள் கொண்ட நோக்கங்கள். இவற்றுள் மூன்றாவது நோக்கத்தை வாசகர் ஊன்றிக் காணவேண்டும். சம்பள உயர்வு கேட்பதற்கென்றோ, அதிகாரிகளோடு வழக்காடுவதற்கென்றோ அச்சங்கம் முதலில் தோன்றவில்லை. ‘உமக்குத் தெரிந்ததை எமக்குச் சொல்லும்; எமக்குத் தெரிந்ததை உமக்குச் சொல்வோம்’ என்பதே அதன் உட்கிடை.

மேற்பார்வையாளர்க்கு மட்டும் சங்கம் இருந்தால் போதுமா? பயிற்சி பெற்ற செவிலியர் அனைவர்க்கும் பொதுவானதோர் அமைப்பு வேண்டும் என்று 1908ஆம் ஆண்டில் பம்பாயில் கூடிய மாநாடு முடிவு செய்தது. அவ்வாறு பிறந்ததே இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம். 1910ஆம் ஆண்டில் அச்சங்கம் ஆங்கிலத்தில் ஒரு திங்களிதழைத் தொடங்கிற்று. தொலைபேசி அரிதாயிருந்த அக்காலத்தில், ஒரு மூலையில் தனித்திருந்த செவிலிக்கு அவ்விதழே தோழியாயிற்று. இருப்புப் பாதையும் அஞ்சலும் அவ்விதழைச் சுமந்து சென்றன என்று எண்ணும்போது நமக்கும் ஒரு சிறு பெருமிதம் உண்டாகிறது. 1912ஆம் ஆண்டில் அச்சங்கம் அனைத்துலகச் செவிலியர் பேரவையில் இணைந்தது. 1922இல் மேற்பார்வையாளர் சங்கமும் செவிலியர் சங்கமும் ஒன்றாயின. 1929இல் மாணவச் செவிலியர்க்கெனத் தனியமைப்பும் எழுந்தது.

43,000 பேருக்கு ஒருவர்

சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுக்கான சட்டம் 1926இல் இயற்றப்பட்டது. பதிவு என்பது வெறும் ஏட்டு வேலையன்று. முறையாகப் பயின்றவர் இவர், பயிலாதவர் இவர் என்று நாடு அறிவதற்கு அதுவே முதற்படி. எனினும் எண்ணிக்கை வளரவில்லை. சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946ஆம் ஆண்டில் தந்த அறிக்கையின்படி, இந்நாட்டில் 6,300 மக்களுக்கு ஒரு மருத்துவரும் 43,000 மக்களுக்கு ஒரு செவிலியும் இருந்தனர். மருத்துவர் பற்றாக்குறையினும் செவிலியர் பற்றாக்குறை ஏறத்தாழ ஏழு மடங்கு கொடிதாயிருந்தது. காரணம் வெளிப்படை. இரவில் பணி, அந்நியர் உடலைத் தொடும் பணி, குறைந்த ஊதியம் ஆகியவற்றைக் காட்டிப் பல குடும்பத்தார் தம் பெண்களை இத்தொழிலுக்கு அனுப்ப மறுத்தனர்.

அதே 1946ஆம் ஆண்டில் தில்லியிலும் வேலூரிலும் செவிலியர் கல்விக்குப் பட்ட வகுப்புகள் தொடங்கின. வேலூரில் அதனைத் தொடங்கியது, ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய கிறித்தவ மருத்துவக் கல்லூரி. 1947இல் இந்தியச் செவிலியர் கவுன்சில் சட்டம் இயற்றப்பட்டது. கல்வியும் பதிவும் சட்டமும் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. செவிலியர் தனித்தனியே நின்றிருந்தால் இவற்றுக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்திருத்தல் இயலாது.

தீவிர சிகிச்சையும் புதிய தனிமையும்

இனி, மருத்துவ உலகில் நேர்ந்த ஒரு பெருமாறுதலைக் கூறவேண்டும். 1952ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கொடிதாகப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலற்றோரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மாண்டனர். பியோர்ன் இப்சன் என்னும் மயக்கமருந்து வல்லுநர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகிக் கையால் பையை அமுக்கி மூச்சூட்டும் முறையைக் காட்டினார். போதிய இயந்திரங்கள் இல்லாமையால் ஏறத்தாழ 1,500 மாணவர் முறைவைத்து இரவும் பகலும் பையை அமுக்கினர். செவிலியர் உடனிருந்து நோயாளிகளைக் காத்தனர். பாதிக்கு மேற்பட்டோர் பிழைத்தனர். உயிருக்குப் போராடுவோரை ஓரிடத்தில் வைத்து இமைப்பொழுதும் நீங்காது காக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அதுவே வித்தாயிற்று.

பத்தாண்டுகள் கழித்து, 1962இல், அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஹியூஸ் டே என்னும் மருத்துவர் மாரடைப்பு நோயாளிகளுக்கெனத் தனிப்பிரிவு அமைத்தார். நெஞ்சின் துடிப்பு தாறுமாறானால் சில மணித்துளிகளுக்குள் மின்னதிர்ச்சி கொடுத்தாக வேண்டும். மருத்துவர் வரும்வரை காத்திருந்தால் உயிர் நில்லாது. ஆகவே, திரையில் ஓடும் இதயக் கோட்டைப் படித்து, முடிவுசெய்து, கருவியை இயக்கும் பொறுப்பு செவிலியின் கைக்கு வந்தது. பிலடெல்பியா நகரில் மெல்ட்சர் என்னும் மருத்துவரும் ரோஸ் பின்னியோ என்னும் செவிலியும் இப்பயிற்சியை வகுத்து, மற்றொரு மருத்துவரோடு சேர்ந்து 1965இல் செவிலியர்க்கென ஒரு கைந்நூலையும் வெளியிட்டனர்.

பொறுப்புப் பெருகிற்று, கூடவே புதியதொரு தனிமையும் வந்தது. பொதுப் பிரிவில் பணிபுரியும் மூத்த செவிலிக்கும் இவ்விளைய செவிலியின் ஐயம் புரியாது. அவள் காணும் கருவியை அவர் கண்டதில்லை. இவளைப் போன்றோர் வேறு ஊர் மருத்துவமனைகளில்தான் இருந்தனர். எனவே 1969இல் அமெரிக்காவில் இதயநோய்ச் செவிலியர் தமக்கென ஒரு சங்கம் நிறுவினர். சில ஆண்டுகளுக்குள், தீவிர நிலை நோயாளிகள் எல்லாரையும் காக்கும் செவிலியர்க்கு உரியதாக அது விரிந்தது. 1972இல் இதழ் கண்டது. 1976இல் தகுதித் தேர்வும் நடத்திற்று. பிற்காலத்தில் அதன் உறுப்பினர் தொகை ஓரிலட்சத்தைக் கடந்தது. 2001இல் பல நாட்டுத் தீவிர சிகிச்சைச் செவிலியர் சங்கங்கள் கூடி உலகக் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கின.

இதன் பயனை நம் தொழிலைக் கொண்டு விளக்கலாம். நிலைய அதிகாரி எத்துணைத் திறமை வாய்ந்தவராயினும், அடுத்த நிலையத்திலிருந்து ‘லைன் கிளியர்’ பெறாமல் வண்டியை அனுப்ப மாட்டார். அவ்வாறு கேட்பதை அவருடைய அறியாமை என்று எவரும் சொல்வதில்லை. கேட்பதுதான் முறை; கேளாமையே குற்றம். நள்ளிரவில் மூச்சுக் கருவியின் எச்சரிக்கை மணி ஒலிக்கையில், ‘இதைக் கொஞ்சம் பாருங்கள், அக்கா’ என்று அடுத்த கட்டிலில் இருப்பவரை அழைக்கும் செவிலியும் அத்தகையவரே. கேட்டால் இழுக்கு என்ற அச்சம் நிலவும் பிரிவில் தவறுகள் மறைக்கப்படும். மறைக்கப்பட்ட தவறு மறுபடியும் நிகழும். அமெரிக்கச் சங்கம் 2005இல் நல்ல பணிச்சூழலுக்கு ஆறு நெறிகளை வகுத்தபோது, தெளிவாகப் பேசும் திறனும் உண்மையான கூட்டுறவும் அவற்றுள் இடம்பெற்றன. போதிய ஆட்களை அமர்த்துதலும் அவ்வாறுள் ஒன்று. இது மிக இன்றியமையாதது. ஆளே இல்லாத இடத்தில் அன்பு மட்டும் என்ன செய்யும்?

நம் நாட்டின் பிற்காலச் செய்திகள்

செவிலியரின் நிலையை ஆராய நடுவண் அரசு 1987இல் ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது. அதன் தலைவர், தமிழ்நாட்டின் புகழ்பெற்ற சமூகத் தொண்டர் சரோஜினி வரதப்பன் அம்மையார். 1989இல் வெளிவந்த அதன் அறிக்கை செவிலியரின் பணிநேரம், உறைவிடம், பதவி உயர்வு முதலியவற்றை ஆராய்ந்தது. பின்னர், தனியார் மருத்துவமனைகளில் செவிலியர் படும் அல்லலை எடுத்துக்காட்டிச் செவிலியர் சங்கமே உச்சநீதிமன்றத்தை அணுகிற்று. 2016 ஜனவரியில் நீதிமன்றம் குழு அமைக்க ஆணையிட, 50 கட்டிலுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரையெல்லாம் நடைமுறையாகிவிடுவதில்லை என்பதை நாம் அறிவோம். எனினும், 1905இல் ஒன்பதின்மர் கலந்து பேசத் தொடங்கிய பேச்சு, நூற்றாண்டு கடந்து நாட்டின் தலைமை நீதிமன்றத்தில் ஒலித்தது சிறிய செய்தியன்று. 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசியச் செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் 2023இல் நிறைவேறிற்று.

இடையில் வந்தது 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனாக் கொள்ளைநோய். உறவினர் உள்ளே வரலாகாது என்று தடுக்கப்பட்ட நாட்களில், உயிர் பிரிவோரின் கையைப் பற்றி நின்றவர் பெரும்பாலும் செவிலியரே. தலை முதல் கால் வரை மூடிய உடையில் மணிக்கணக்கில் நின்று, வெளியே வந்ததும் தம் வீட்டுக்கும் போக இயலாமல் விடுதியில் தங்கினோர் பலர். அவர்கள் கண்டதை வீட்டாரிடம் சொல்ல முடியாது, சொன்னாலும் விளங்காது. உடன் நின்ற மற்றொரு செவிலிக்கே விளங்கும்.

பயிற்சி பெற்ற செவிலியர் விடுப்பிலும் அலுவலிலும் இரயிலில் செல்லும்போது கட்டணத்தில் 25 விழுக்காடு சலுகை இருந்தது என்பதை நம் துறையினர் அறிவர். ஊருக்குச் செல்லும் தென்னாட்டுச் செவிலியர்க்கு அது பேருதவியாய் இருந்தது. 2020 மார்ச்சில் வேறு பல சலுகைகளோடு அதுவும் நிறுத்தப்பட்டது. எக்காலத்தில் அவர்களை உலகம் போற்றிற்றோ, அக்காலத்திலேயே அது நின்றது காலத்தின் கோலம் போலும்!

நாம் செய்யத்தக்கன

‘செவிலியர்க்கு அவர்தம் சங்கங்கள் உள, தமிழ்ச் சங்கத்துக்கு இதில் என்ன வேலை?’ என்று அன்பர் சிலர் வினவலாம். வேலை உண்டு. இந்நகரின் மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நிற்போருள் நம் பெண்மக்கள் உளர், ஆடவரும் உளர். இருபத்திரண்டு வயதில் மொழி தெரியாத ஊருக்கு வந்து, நோயாளியின் முனகலையும் உறவினரின் கோபத்தையும் அயல்மொழியில் எதிர்கொள்கின்றனர். இரவுப் பணி முடித்து விடியலில் திரும்பும் பெண்ணுக்கு அறை வாடகைக்குத் தரத் தயங்குவோர் நம்மிடையேயும் இல்லாமலில்லை. முதலில் அத்தயக்கத்தை நாம் விடுத்தல் வேண்டும். புதிதாக வரும் செவிலியரை அழைத்து விருந்தளித்தல் வேண்டும். வெவ்வேறு மருத்துவமனைச் செவிலியர் திங்கள்தோறும் ஒரு பிற்பகல் கூடிப் பேசச் சங்கக் கூடத்தைத் திறந்து விடுதல் வேண்டும். அங்கு நாம் பேசவேண்டுவதில்லை. தேநீர் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டால் போதும். மூத்தவர் இளையவர்க்குச் சொல்லிக்கொடுப்பதும், இளையவர் மனம்விட்டு அழுவதும் அவர்களுக்குள் நிகழட்டும்.

நாளை நம்மில் எவரும் அக்கட்டிலில் கிடக்கக்கூடும். அன்று நம் மூச்சைக் காக்கும் செவிலி, ஐயம் வந்தால் கேட்க ஒரு தோழி உள்ளவளாக இருத்தல் நமக்கே நலம் அன்றோ? செவிலியர் வாழ்க! அவர்தம் கூட்டுறவு ஓங்குக!