வஸ்தாது முதல் டிரெய்னர் வரை: உடற்பயிற்சி ஆசானின் ஊதியம்

'பெர்சனல் டிரெய்னர்' என்பது அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய புதுத்தொழில் என்னும் கருத்து பரவலாக உள்ளது. பெயர் புதிது, தொழில் புதிதன்று. தமிழில் வஸ்தாது என்ற சொல் வழங்கிவருவதே அதற்குச் சான்று. பாரசீக 'உஸ்தாத்' உருது வழியாக வந்து, குஸ்தியும் சிலம்பமும் கற்பிக்கும் ஆசானைக் குறித்தது. அதே வழியில் வந்த 'பஹல்வான்' பயில்வான் ஆயிற்று. 'பயில்' என்னும் வினையோடு ஒலி இயைந்ததால் அது அயற்சொல் என்ற நினைவே பலருக்கு எழுவதில்லை. இச்சொற்களின் பிறப்பைவிட, இவற்றைப் பட்டமாகத் தாங்கியவர்கள் எவரிடம், எவ்வகையில் ஊதியம் பெற்றனர் என்பதே ஆராயத்தக்கது.

வட இந்திய அகாடாக்களில் குருவுக்கு மாதக் கட்டணம் விதிக்கும் வழக்கம் இல்லை. தொண்டும், நாகபஞ்சமி போன்ற நாள்களில் அளிக்கும் காணிக்கையுமே அவருக்குரியவை. பிழைப்புக்கு வேறு தொழில் வேண்டும். இல்லையேல் அரசவை வேண்டும். சமஸ்தானங்கள் மல்லர்களுக்குப் படியோடு 'குராக்' எனப்படும் பால், நெய், பாதாம் உணவையும் அளித்தன. ததியா, பாட்டியாலா அரசர்களின் ஆதரவில் வாழ்ந்த காமா 1928இல் பாட்டியாலாவில் போலந்து வீரர் ஸ்பிஸ்கோவை நொடிகளில் வீழ்த்தினார். சமஸ்தானங்கள் மறைந்தபின் அவர் வறுமையுற்று, 1960இல் லாகூரில் காலமானார்.

மைசூர் இவ்வரலாற்றின் முக்கியமான களம். 1933இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தத் தொடங்கினார். அதே அரண்மனை வளாகத்தில், பெங்களூரின் கே. வி. ஐயருடைய மாணவர் ஒருவர் தசைப்பயிற்சிக் கூடம் நடத்திவந்தார். இன்று எதிரெதிராக நிறுத்தப்படும் யோகமும் 'பாடி பில்டிங்'கும் அன்று ஒரே கருவூலத்தை நம்பி அண்டை அயலாக இருந்தன. அக்கருவூலம் வற்றியதும் 1950இல் யோகசாலை மூடப்பட்டது. அறுபதைக் கடந்த கிருஷ்ணமாச்சாரியார், பக்கவாதத்துக்கு ஆளான சட்ட அறிஞர் ஒருவருக்குச் சிகிச்சையளிக்கும் அழைப்பின்பேரில் சென்னை வந்தார். பின்னர் ஒவ்வொருவரின் உடலுக்கேற்பத் தனித்தனியே பயிற்றுவித்தார். கூட்டமாகச் சிறுவர்களைப் பயிற்றிய ஆசிரியர் தனிநபர் ஆசானாக மாறியதில் தத்துவத்தின் பங்கைப் பலர் எழுதியுள்ளனர். புரவலரின் மறைவுக்கு உள்ள பங்கு போதிய அளவு எழுதப்படவில்லை. அவருடைய மாணவர் பி. கே. எஸ். ஐயங்காரும் 1937இல் புணேவுக்குச் சென்றது ஆறு மாத ஒப்பந்தத்தில்தான். ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டு, பின் முடிந்ததும் அவர் பட்ட வறுமையை அவரே பலமுறை கூறியுள்ளார்.

கே. வி. ஐயர் வேறு வழி கண்டவர். 1904-05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்த யூஜின் சாண்டோ, பயிற்சியை நூலாகவும் கருவியாகவும் அஞ்சல் பாடமாகவும் விற்கலாம் எனக் காட்டியிருந்தார். (அவர் பெயர் தமிழில் பட்டமாகவே நிலைத்தது, திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரை நினைக்க.) ஐயர் பெங்களூரில் ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக் கூடம் நடத்தி, அஞ்சல்வழிப் பாடங்களும் விற்றார். அவரும் அக்கால உடற்பயிற்சியாளர் பிறரும் பெயருக்குமுன் இட்டுக்கொண்ட 'புரொபசர்' பட்டத்தைப் பல்கலைக்கழகம் எதுவும் வழங்கவில்லை. அரசன் அளித்த மதிப்பின் இடத்தைச் சந்தைக்கேற்ற வேறொரு பட்டம் நிரப்பவேண்டியிருந்தது.

சான்றிதழும் நிலையான சம்பளமும் மற்றொரு தடத்தில் வந்தன. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, பள்ளிகளின் 'டிரில் மாஸ்டர்' பதவிக்குப் பயிற்சிபெற்ற ஆசிரியர்களை அளித்தது. 1961இல் தேசிய விளையாட்டு நிறுவனம் அமைந்த இடம் பாட்டியாலாவின் பழைய மோதி பாக் அரண்மனை. மல்லரைப் பேணிய அரண்மனையில் சம்பளம் பெறும் 'கோச்' உருவானார்.

இன்றைய பயிற்சியாளர் இவ்விரு தடங்களுக்கும் இடையில் நிற்கிறார். நிலையம் தரும் அடிப்படைச் சம்பளம் சிறிது. தனிப்பயிற்சிக் கட்டணத்தில் கிடைக்கும் பங்கே வருவாயின் உயிர்நாடி. எடுத்துக்காட்டாக, வாடிக்கையாளர் 12 அமர்வுகளுக்கு 12,000 ரூபாய் செலுத்தி, நிலையமும் பயிற்சியாளரும் சரிபாதி கொண்டால், அமர்வுக்கு 500 ரூபாய். ஆறு வாடிக்கையாளர் இருந்தால் மாதம் 36,000. இருவர் விலகினால் 24,000. அயல்நாட்டுச் சான்றிதழுக்கு டாலரில் செலுத்திய தேர்வுக் கட்டணமும், தம் உணவுக்கான செலவும் அவருடையவையே. குராக் தரும் அரசவை இன்றில்லை.

2020 மார்ச்சில் நிலையங்கள் மூடப்பட்டன. அவற்றைத் திறக்க மத்திய அரசு அனுமதித்தது ஆகஸ்ட் 5 முதல். இடைப்பட்ட நான்கு மாதங்களில் பங்குத்தொகையை நம்பியிருந்தோர் வருவாய் இழந்தனர். பலர் கைப்பேசித் திரை வழியே பாடம் நடத்தத் தொடங்கினர், ஐயரின் அஞ்சல் பாடங்களுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்.