பரிசிலும் படித்தரமும் முன்பணமும்

ஆண்டுவிழா அணுகும்போதெல்லாம் தமிழ்ச் சங்கங்களின் செயற்குழுக்களில் தவறாது எழும் வினா ஒன்றுண்டு. 'பாடகருக்கு என்ன கொடுப்பது?' என்பதே அது. ஒருவர் கலைஞரின் புகழைச் சொல்வார். மற்றொருவர் சங்கத்தின் இருப்பைச் சொல்வார். மூன்றாமவர், 'தமிழுக்காகத்தானே, குறைத்துக்கொள்ளமாட்டாரா?' என்பார். மூவர் சொல்வதிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் இவ்வினா நம் காலத்தில் புதிதாகப் பிறந்ததன்று. ஈராயிரம் ஆண்டுகளாகத் தமிழர் இதற்குப் பலவாறு விடை கண்டிருக்கின்றனர். அவ்விடைகளுட் சில, நாம் நாள்தோறும் கடந்து செல்லும் பழவங்காடிக்கு மிக அருகிலேயே உருப்பெற்றன. அவற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது விழா மலருக்குப் பொருந்துவதேயாம்.

பரிசில் மரபு

சங்க காலத்துப் பாணரும் கூத்தரும் விறலியரும் ஊர் ஊராகச் சென்று வள்ளல்களைப் பாடிப் பரிசில் பெற்றனர். அக்காலத்தில் முன்கூட்டிய பேச்சு இல்லை. கொடுப்பவர் மனமே அளவுகோல். ஆனால் பெறுபவருக்கும் ஓர் அளவுகோல் இருந்தது என்பதைப் புறநானூறு காட்டுகின்றது. பெருஞ்சித்திரனார் என்னும் புலவர், அதியமான் தம்மை நேரிற் காணாமலே அனுப்பிய பொருளை ஏற்க மறுத்தார். தம் புலமையை அறியாது கொடுத்த பொருள், தம்மை விலைகூறி விற்பவராக எண்ணிக் கொடுத்தது என்று அவர் கருதினார். தகுதி அறிந்து கொடுப்பின் தினையளவும் இனிது என்பது அவர் கொள்கை. அதே புலவர் குமணனிடம் பெற்ற யானையை, தம்மை மதியாத இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டிச் சென்றார் என்றும் அந்நூலால் அறிகின்றோம்.

எனவே, கலைஞரின் ஊதியத்தில் பொருளின் அளவோடு மதிப்பு என்னும் மற்றொன்றும் அடங்கியிருப்பது தொன்றுதொட்டு வரும் உண்மை. ஆயினும் பரிசில் மரபில் ஒரு குறை உண்டு. வள்ளல் இருந்தால் விருந்து; இல்லையேல் பசி. பாணர் சுற்றத்தின் வறுமையை ஆற்றுப்படை நூல்கள் விரித்துரைப்பதை நாம் மறத்தற்கில்லை.

கல்லில் எழுதிய பங்கு

இக்குறையை நீக்க எழுந்ததே கோயிற் படித்தரம். இதற்குத் தலைசிறந்த சான்று தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டு. முதலாம் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014ஆம் ஆண்டையொட்டி, 400 தளிச்சேரிப் பெண்டிரைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொணர்ந்து தஞ்சையில் குடியேற்றினான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் அளிக்கப்பட்டன. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல்.

இக்கல்வெட்டில் நாம் கருத்தூன்றிக் காணவேண்டியவை மூன்று. முதலாவது, பங்கு தனிமனிதர் புகழுக்கன்று, பணிக்கு அளிக்கப்பட்டது. ஆடுவோர், ஆட்டுவிக்கும் நட்டுவர், பாடுவோர், கருவி இசைப்போர் ஆகிய ஒவ்வொரு பணிக்கும் அளவு வரையறுக்கப்பட்டிருந்தது. இரண்டாவது, பங்கு பெற்றவர் இறந்தால் அடுத்த முறையினர் அதனைப் பெறலாம்; ஆனால் அவர் தகுதியுடையவராக இருத்தல் வேண்டும். தகுதி இல்லையேல் தகுதியுடைய வேறொருவரை அமர்த்தவேண்டும். மூன்றாவதே மிகச் சிறந்தது: குடை பிடிப்பார், விளக்கேற்றுவார், நீர் தெளிப்பார், வண்ணார், நாவிதர், தையற்காரர் முதலியோருக்கும் பங்கு எழுதப்பட்டது. 'ஆடுபவர்க்குக் கொடுத்துவிட்டோம், மற்றவரை அவர் பார்த்துக்கொள்வார்' என்று சோழன் விட்டுவிடவில்லை. ஒவ்வொருவர் பங்கும் தனித்தனியே கல்லில் ஏறியது.

பழவங்காடியிலிருந்து நவராத்திரி மண்டபம் வரை

இனி நம் ஊருக்கு வருவோம். பழவங்காடி விநாயகரைத் தொழுது கிழக்குக்கோட்டை வாயிலைக் கடந்து சில நிமிடம் நடந்தால், பத்மநாபசுவாமி கோயிலை அடுத்து நவராத்திரி மண்டபத்தை அடையலாம். ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், சுசீந்திரத்திலிருந்து முன்னூற்று நங்கையும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் எழுந்தருளுகின்றனர். 1956 நவம்பர் 1 முதல் அவ்வூர்கள் தமிழகத்தைச் சார்ந்தன. ஆயினும் இவ்வழக்கம் நிற்கவில்லை. சரஸ்வதி இம்மண்டபத்திலும், குமாரசுவாமி நம் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் தங்குவர்.

1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா, நவராத்திரியின் ஒன்பது நாளுக்கும் ஒன்பது கீர்த்தனைகளை இயற்றினார். முதல்நாள் சங்கராபரணம், அடுத்து கல்யாணி, பின் சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஈற்றில் ஆரபி என இராகமும் நாளும் வரையறுக்கப்பட்டன. எந்தப் பெரும் வித்துவானாயினும் அந்நாளுக்குரிய கீர்த்தனையையே முதன்மையாகப் பாடவேண்டும். அவையோர் கைதட்டுவதில்லை. கச்சேரிக்கு முன்னர்த் தோடயமங்களம் பாடும் முல்லமூட்டு பாகவதர்கள், இப்பணியை வழிவழியாகச் செய்து வந்த குடும்பத்தினர். இங்கே வித்துவானின் புகழுக்கு விலை பேசப்படுவதில்லை. இடத்தின் பெருமையே ஊதியத்தின் பெரும்பகுதி என்று பாடுவோர் கருதுகின்றனர். தகுதியே அளவு என்று கொண்ட இம்மண்டபமும் பெண்களுக்கு நெடுங்காலம் இடம் தரவில்லை. 2006ஆம் ஆண்டில் பாறசாலை பொன்னம்மாள் பாடியபோதுதான் அத்தடை நீங்கியது.

அரண்மனையில் வேறொரு முறையும் இருந்தது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு இம்மன்னரின் அவையை அணிசெய்தார். அவருக்கு 1834இல் தந்தத்தாலான வயலின் பரிசாக அளிக்கப்பட்டது. மன்னர் கலையறிவு உடையவராயின் இம்முறையை விஞ்சிய சிறப்பு வேறில்லை. ஆனால் அனைத்தும் ஒருவர் உள்ளத்தையும் கருவூலத்தையுமே பற்றி நின்றன. அரசர் மாறினால் அவையும் மாறும்.

கொட்டகையும் வசூலும்

அரண்மனையின் இடத்தை டிக்கெட் வாங்கும் பொதுமக்கள் பிடித்தபோது ஊதியக் கணக்கே மாறிற்று. இதனை நாடக மேடையிலே தெளிவாகக் காணலாம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். 1912இல் திருவனந்தபுரத்திற் பிறந்த தி. க. சண்முகம் அச்சபையில் சிறுவனாகச் சேர்ந்தார். பின்னர் 1925இல் அவரும் அவர்தம் உடன்பிறந்தாரும் தனிச் சபையே கண்டனர். இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் நடிகர்களுக்கு உணவும் உறையுளும் மாதச் சம்பளமும் உண்டு. வசூல் ஏறினாலும் இறங்கினாலும் அதன் சுமை முதலாளியுடையது.

இதற்கு நேர்மாறானது ஸ்பெஷல் நாடகம். இதில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர் எனத் தனித்தனியே ஓர் இரவுக்குப் பேசி அழைப்பர். வெவ்வேறு ஊரினர் ஒத்திகையின்றி ஒரே மேடையில் கூடமுடிந்ததற்குக் காரணம், 'வள்ளி திருமணம்' போன்ற சுவாமிகளின் நாடகங்களை அனைவரும் மனப்பாடமாக அறிந்திருந்தமையே. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்து மேடையேறியபோது மக்கள் வெள்ளமாகத் திரண்டனர். அந்தத் திரளே அவர்கள் ஊதியத்தை உயர்த்திற்று.

இக்கணக்கின் உள்ளியல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஒரு கொட்டகையில் 500 பேர் அமரலாம் என்றும், டிக்கெட் சராசரி நாலணா என்றும் கொள்வோம். நிறைந்த இரவின் வசூல் 125 ரூபாய். வாடகை, விளக்கு, நோட்டீஸ் வகைக்கு 45 ரூபாய் போனால் மிச்சம் 80. கலைஞர்களுக்கு 60 ரூபாய் பேசிய காண்ட்ராக்டருக்கு 20 ரூபாய் ஆதாயம். மழை பெய்து 200 பேரே வந்தால் வசூல் 50. அவருக்கு 55 ரூபாய் நட்டம். செலவு போக எஞ்சியதில் முக்கால் பங்கு என்று கலைஞர்கள் ஒப்பியிருந்தால், நிறைந்த இரவில் அவர்களுக்கு அதே 60 ரூபாய் கிடைக்கும். மழை இரவில் நாலு ரூபாயும் தேறாது. ஆகவே ஊதியம் என்பது திறமையின் விலை மட்டுமன்று. நட்டத்தை யார் தாங்குவது என்பதற்கான உடன்படிக்கையுமாகும். முன்பணம் என்னும் வழக்கத்தின் பொருளும் இதுவே. அந்நாளை வேறெவர்க்கும் கொடேன் என்று கலைஞர் சொல்லும் உறுதிக்கு ஈடாக அழைப்பவர் தரும் உறுதி அது.

பயணமும் பஞ்சாங்கமும்

ஊதியத்தை ஏற்றி இறக்கும் காரணங்கள் இன்னும் இரண்டு உண்டு. ஒன்று தொலைவு. செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு 1904இலும், அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு 1918இலும் இரயில் வந்தது. 1931இல் தம்பானூர் நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர்த் தஞ்சையிலிருந்து இங்கே வருவது பல நாட் பயணம். ஓர் இரவுக் கச்சேரிக்குப் பல நாட்களை இழப்பவர் அத்தனை நாட்களுக்கும் ஈடு கேட்பது இயல்பன்றோ? திருவிதாங்கூர் தனி நாணயம் வழங்கிய காலத்தில், 28 சக்கரமும் 8 காசும் ஒரு பிரிட்டிஷ் ரூபாய் என்னும் மாற்றுக்கணக்கும் வெளியூர்க் கலைஞருக்கு இருந்தது.

மற்றொன்று காலம். முகூர்த்த நாட்களில் நாகசுரக் குழு கிடைப்பது அரிது. ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லாமையால் அவர்களுக்கு வேலை குறைவு. மார்கழியிலோ வாய்ப்பாட்டு வித்துவான்கள் சென்னைச் சபைகளில் ஓய்வின்றி இருப்பர். நாளைத் தேர்பவர் ஊதியத்தில் பாதியை அப்போதே தேர்ந்துவிடுகிறார் எனலாம்.

வானொலி தந்த பாடம்

1943 மார்ச் 12 அன்று திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் வானொலி நிலையம் தொடங்கப்பட்டது. 1950 ஏப்ரல் 1 அன்று அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. 1952 முதல் அவ்வானொலி கலைஞர்களைக் குரல் தேர்வினால் ஆராய்ந்து தரம் பிரித்தது. தரத்திற்கேற்ற ஊதியம் முன்னரே வரையறுக்கப்பட்டது. ஆண்டு பல பாடிய முதியோரையும் தேர்வுக்கு அழைத்தமையால் எதிர்ப்பும் கிளம்பிற்று. அவ்வெதிர்ப்பில் நியாயம் இல்லாமலில்லை. பெருஞ்சித்திரனார் கேட்ட மதிப்பைத்தான் அவர்களும் கேட்டனர்.

எனினும் இம்முறையின் நன்மை ஒன்றை நாம் போற்றவேண்டும். வயலின் வாசிப்பவரும் மிருதங்கம் வாசிப்பவரும் தனியே தரம் பெற்று, தனி ஒப்பந்தம் பெற்று, தம் பெயரிலேயே ஊதியம் பெற்றனர். தஞ்சைக் கல்லில் கண்ட நெறி காகிதத்தில் மீண்டும் உயிர்பெற்றது என்று சொன்னால் மிகையாகாது.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாற்றால் நாம் கொள்ளவேண்டிய கருத்து ஒன்றே. எவ்வளவு என்னும் வினாவுக்கு முன்னர், யார் யாருக்கு என்னும் வினாவைக் கேட்டல் வேண்டும். இன்று பல விழாக்களில் ஒரு தொகையை முதன்மைக் கலைஞர் கையில் ஓர் உறையிலிட்டுக் கொடுத்துவிடுகின்றோம். இரவுப் பேருந்தில் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தவருக்கு அதில் என்ன கிடைத்தது என்று நாம் வினவுவதில்லை. தம்புரா மீட்டியவரையும், ஒலிபெருக்கியின் பக்கத்தில் நள்ளிரவு வரை நின்றவரையும் எண்ணுவதேயில்லை. தொகையைக் குறைக்குமாறு நாம் வற்புறுத்தும்போது, அக்குறை பெரும்பாலும் வந்து சேர்வது இவர்கள் பங்கில்தான். பெயர் பெற்றவர் வேறோர் ஊரில் ஈடு செய்துகொள்வார். பக்கத்தில் அமர்ந்தவருக்கு அவ்வழி இல்லை.

நம் குடியிருப்பிலேயே பாட்டும் பரதமும் பயின்ற இளைஞர் நிலையும் எண்ணத்தக்கது. 'நம்மவர்தானே' என்று அவர்களை ஊதியமின்றி மேடையேற்றுகின்றோம். அன்பினால் அவர்கள் மறுப்பதில்லை. ஆயினும் வெளியூரார்க்கு விலையும் உள்ளூரார்க்கு வாழ்த்தும் என்பது நெடுங்காலம் நடந்தால், உள்ளூரில் கலை வளராது. சிறு தொகையாயினும் கணக்கில் எழுதிக் கொடுப்பதே அவர்கள் கல்விக்கு நாம் செய்யும் மரியாதை.

ஆகவே சங்கங்கள் பின்பற்றத்தக்க வழி எளியது. விழா நாளைப் பஞ்சாங்கம் பார்த்து முன்னரே குறித்தல் வேண்டும். நம்மால் இயன்ற தொகையை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லுதல் வேண்டும். முதன்மைக் கலைஞர், பக்கவாத்தியம், பயணம், தங்கல், உணவு ஆகியவற்றைத் தனித்தனியே கடிதத்தில் எழுதுதல் வேண்டும். நிகழ்ச்சி நின்றுபோனால் முன்பணம் யாருக்கு என்பதையும் அதிலேயே குறித்தல் வேண்டும். மேடையிலிருந்து இறங்கிய களைப்போடு கலைஞர் நம் பொருளாளரைத் தேடி அலையும் நிலை வரலாகாது.

அரசர் தந்த தந்த வயலினை நம்மால் தர இயலாது. கிட்டப்பாவின் கொட்டகை வசூலும் நமக்கில்லை. ஆயினும் இராசராசன் கல்லில் எழுதியதைப் போல, ஒவ்வொருவர் பங்கையும் ஒரு தாளிலேனும் எழுதிவைக்க நம்மால் இயலும். அவ்வாறு செய்யும் சங்கத்தின் மேடையில் கலைஞர் மனநிறைவோடு பாடுவர். கேட்கும் நாமும் கடன்படாத செவியோடு கேட்போம். கலை வாழ்க! கலைஞர் இல்லங்களில் அடுப்பெரிக! தமிழ் வளர்க!