விற்காத பேப்பர் யாருடைய நட்டம்?

என் அக்காவின் மகனுக்கு 14 வயது. கைச்செலவுக்கு அம்மாவிடம் காசு கேட்க வெட்கமாம். அதனால் 20 போன் கவர்களை ஒரு கடையில் மொத்தமாக வாங்கிப் பள்ளிக்கூடத்தில் விற்றான். 11 போனது. மிச்சம் 9 கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. புது மொடல் போன் வந்தால் அவை குப்பை.

"கடைக்காரர் திருப்பி எடுப்பாரா?" என்று கேட்டேன்.

"அதைக் கேட்கவே இல்லை மாமா."

அவனுக்கு நியூயோர்க் பெடியளின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1890களில் நியூயோர்க் தெருக்களில் மாலைப் பத்திரிகை விற்றவர்களில் நிறையப் பேர் சிறுவர்கள். சிலர் உழைத்ததை வீட்டில் கொடுத்தார்கள். வீடே இல்லாதவர்களும் இருந்தார்கள். பத்திரிகை அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. 100 பேப்பரைத் தங்கள் காசில் 50 சதத்துக்கு வாங்கி, ஒன்று 1 சதமாக விற்க வேண்டும். நூறும் போனால் 50 சதம் லாபம். போகாததைத் திருப்பிக் கொடுக்க முடியாது. நேற்றைய பேப்பரை யார் வாங்குவார்கள்?

1898இல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் வந்தது. போர்ச் செய்திக்காகப் பேப்பர் பறந்தது. பத்திரிகைகள் 100இன் விலையை 60 சதமாக்கின. விற்பனை நன்றாக இருந்ததால் பெடியள் பொறுத்துக்கொண்டார்கள். போர் முடிந்ததும் மற்றப் பத்திரிகைகள் விலையைக் குறைத்தன. ஜோசப் புலிட்சரின் 'வேர்ல்ட்', வில்லியம் ராண்டொல்ப் ஹேர்ஸ்டின் 'ஜேர்னல்' இரண்டும் குறைக்கவில்லை. (ஓம், புலிட்சர் பரிசு என்கிறோமே, அதே புலிட்சர்தான்.)

1899 ஜூலையில் பெடியள் இந்த இரண்டையும் விற்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். ஒரு கண் தெரியாத 'கிட் பிளிங்க்' என்ற பட்டப்பெயர்க்காரப் பெடியன் தலைவர்களில் ஒருவன். இர்விங் மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். புரூக்ளின் பாலத்தில் போக்குவரத்தை மறித்தார்கள். கட்டுப்பாட்டை மீறி விற்றவர்களுக்கு அடியும் விழுந்தது, பேப்பரைக் கிழித்தும் போட்டார்கள். அதை மறைத்துக் கதை சொல்வது எனக்குப் பிடிக்காது. போட்டிப் பத்திரிகைகள் இதையெல்லாம் சந்தோசமாக எழுதின. 'வேர்ல்ட்' விற்பனை 360,000இலிருந்து 125,000க்கு இறங்கியதாகச் சொல்வார்கள்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. விலை 60 சதம்தான், குறையாது. ஆனால் விற்காத பேப்பரை முழு விலைக்குத் திருப்பி எடுப்போம் என்றார்கள்.

முதலில் வாசித்தபோது, பாவம், பெடியள் தோற்றுவிட்டார்கள் என்றே நினைத்தேன். பிறகு வேலைப் பழக்கத்தில் ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் போட்டுப் பார்த்தேன்.

மழை நாள் ஒன்றை எடுங்கள். 100 வாங்கி 60தான் போனது. பழைய 50 சத விலையில் லாபம் 10 சதம். விலை கூடிய பிறகு ஒரு சதமும் இல்லை. புது ஒப்பந்தத்தில் 40 பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், 60க்கு மட்டும் 36 சதம் கட்டினால் போதும். கையில் 24 சதம்! நூறும் விற்கிற கெட்டிக்காரனுக்கு மட்டும்தான் பழைய 50க்குப் பதிலாக 40 கிடைக்கும். 83 அல்லது அதற்குக் குறைவாக விற்கிற எவனுக்கும் பழைய விலையை விடப் புது ஒப்பந்தமே லாபம். சின்னப் பெடியளும் புதிதாக வந்தவர்களும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருந்திருப்பார்கள்.

மருமகன் கணக்கை இரண்டு முறை சரிபார்த்தான். சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனான். கட்டிலுக்குக் கீழே கிடந்த 9ஐயும் கடைக்காரர் தொடவே இல்லை. ஆனால் இனி வாங்குவதில் ஒரு மாதத்துக்குள் விற்காததை எடுப்பாராம், ஒன்றுக்கு 25 சதம் கூடத் தரவேண்டும்.

"யோசித்துச் சொல்கிறேன் அங்கிள்" என்று சொல்லிவிட்டு, காருக்குள் ஏறியதும் போனில் கணக்குப் போடத் தொடங்கினான்.