மாஹிம் காடியின் ஆழம்: ஓர் அஞ்சலி

மும்பையில் மித்தி ஆறு கடலைச் சேரும் கழிமுகமான மாஹிம் காடி இன்னும் இருக்கிறது. மறைந்துபோனது அதன் ஆழம். படகைத் தாங்கி மீனை வளர்த்த அந்த ஆழத்துக்கு யாரும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டவில்லை. அந்தக் குறை தீரவே இந்தக் கட்டுரை.

அது நல்ல வாழ்வு வாழ்ந்தது. பம்பாய்த் தீவின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் (கோலி மீனவர் குடியிருப்புகளில்) ஒன்றாகத் தாராவியை 1909ஆம் ஆண்டின் கெசட்டியர் சொல்கிறது. கோலி மீனவர்கள் அங்கே காடியை நம்பிக் குடும்பம் நடத்தினார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு நம்மவர்கள் வந்தபோது, தாராவியில் பெரும்பகுதி சதுப்பாகத்தான் கிடந்தது. குப்பையையும் மண்ணையும் கொட்டி மேடாக்கித்தான் குடிசை போட்டார்கள். காடி சுருங்கியதற்கு இதை மட்டுமே காரணமாகச் சொல்லி ஏழைகள் தலையில் பழியைப் போடுவது எளிது. மேலேயிருந்து வந்த மண்ணைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீரில் பிறக்கும் மித்தி ஆறு, ஏறக்குறைய 18 கிலோமீட்டர் ஓடி மாஹிமில் கடலைச் சேர்கிறது. 1860இல் விஹார் அணை எழுந்த பிறகு, மேல்காட்டு மண்ணை ஏரியே பிடித்து வைத்துக்கொள்கிறது. அணைக்குக் கீழே, வீட்டுக்கும் சாலைக்கும் குவாரிக்கும் வெட்டித் திறந்த சரிவுகளின் மண்ணைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. அது நேரே ஆற்றுக்கு வருகிறது.

மழை எப்படி மலையைத் தின்கிறது என்று பார்க்க, ஜூன் மாத முதல் மழை நின்றதும் செடியில்லாத ஒரு சரிவுக்குப் போங்கள். பல கூழாங்கற்கள் சிறு மண்தூண்கள் மேல் உட்கார்ந்திருக்கும். கல்லின் நிழலில் இருந்த மண் தப்பியது, சுற்றியிருந்தது போய்விட்டது. அந்தத் தூணின் உயரம்தான் ஒரே மழையில் மலை இழந்த கணக்கு. துளி விழும் வேகத்தில் மண்கட்டி உடைகிறது. உடைந்த பொடி மண்ணின் கண்களை அடைக்கிறது. உள்ளே இறங்க வழியில்லாத நீர் மேலாகவே ஓடி, விரல் அகலக் கோடுகளாகச் சேர்கிறது. கோடுகள் கூடினால் ஓடை. ஓடை ஆழமானால் பள்ளம். சரிவு செங்குத்தாக ஆக நீரின் வேகம் கூடுகிறது. வேகம் இரு மடங்கானால், முன்பு உருட்டியதைப் போல் 64 மடங்கு எடையுள்ள கல்லையும் அந்த நீர் உருட்டும் என்பது நீரியலின் பழைய கணக்கு. புல்லும் வேரும் சருகும் இருந்தால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும்.

மலையில் அத்தனை வேகம் காட்டிய நீர், மாஹிமுக்கு வரும்போது தளர்ந்துவிடுகிறது. தரை சமதளம், எதிரே கடலின் ஏற்றம். உப்புநீர் கலந்ததும் மிக நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்து அடியில் படிகின்றன. காடியின் வாயைக் குறுக்கி 1840களில் மாஹிம் காஸ்வே என்னும் கரைச்சாலை எழுந்தது. பிறகு பாந்த்ரா–குர்லா வளாகத்துக்காகச் சதுப்பைத் தூர்த்தார்கள். விமான நிலையத்துக்காக ஆற்றை வளைத்தார்கள். நீர் பரவ இடமில்லை. மண்ணைத் தள்ளிக்கொண்டு போகும் வேகமும் இல்லை. சாக்கடையும் குப்பையும் வண்டலோடு சேர்ந்து ஆழத்தை முடித்தன.

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்ள, மித்தி கரை புரண்டது. ஆழமிருந்தால் அந்த வெள்ளம் முழுவதையும் தாங்கியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெள்ளத்துக்கான இடத்தில் மண் உட்கார்ந்திருந்தது. 2021 ஜூலையில் செம்பூர் மாஹுலின் பாரத் நகரில், கனமழையில் மலையடிவார வீடுகள் மேல் சுவர் இடிந்து விழுந்து 19 பேர் இறந்தார்கள். அங்கே சரிவும் நீரும் சேர்ந்த ஆபத்து உயிரைக் கேட்டது. இங்கே அதே கூட்டு ஆற்றின் ஆழத்தைக் கேட்டது.

இன்றும் மழைக்கு முன் ஆண்டுதோறும் மித்தியைத் தூர் வாருகிறார்கள். அள்ளிய பள்ளத்தை அடுத்த மழை மறுபடி நிரப்புகிறது. கீழே அள்ளிக்கொண்டே இருந்து, மேலே மண்ணை அவிழ்த்துவிட்டால் செலவுக்கு முடிவே கிடையாது. வெட்டிய சரிவில் புல்லும் புதரும் பிடிக்க வேண்டும். சரிவின் தலையில் குறுக்கு வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்ப வேண்டும். தடுப்புச் சுவரில் நீர் வடியத் துளை வேண்டும். அங்கே குடியிருப்பவர்களுக்குப் பாதுகாப்பான வீடு, அதே சுற்றுவட்டாரத்தில் வேண்டும். தூர் வாரும் பணத்தில் ஒரு பங்கை மலைக்கு எழுதி வையுங்கள். மாஹிமின் ஆழத்துக்குச் செய்யக்கூடிய ஒரே மரியாதை அதுதான்.