‘ஒலியும் ஒளியும்’: ஒரு பெயரும் அதன் நினைவும்

1981 ஆகஸ்டு 1இல் அமெரிக்காவில் எம்.டி.வி. தோன்றியது. இத்தகைய இசை அலைவரிசைகள் 1990களில் இந்தியாவை எட்டுமுன்னரே தூர்தர்ஷன் திரைப்பாடல் காட்சிகளை ஒளிபரப்பி வந்தது. அந்நிகழ்ச்சிகள் இன்று ஏக்கத்தோடு நினைவுகூரப்படுகின்றன. அவற்றின் பெயர்கள் மொழியியல் நோக்கில் கருதத்தக்கவை.

இந்தியில் ‘சித்ரஹார்’, பெங்களூர் நிலையத்தின் கன்னடத்தில் ‘சித்ரமஞ்சரி’ என்பன படங்களை மாலையாகவும் பூங்கொத்தாகவும் உருவகித்தன. சென்னை நிலையத்தின் ‘ஒலியும் ஒளியும்’ என்பதோ லகர ளகர வேறுபாட்டால் செவிப்புலனையும் கட்புலனையும் பிரித்து, எண்ணும்மையால் இணைத்தது. வெள்ளிதோறும் காத்திருந்தோர் ‘ஒலியும் ஒளியும் பார்த்தோம்’ என்றனர், ஒலியும் காண்டற்குரியதாயிற்று.

கன்னடத்தில் ‘த்வனி’, ‘பெளகு’ எனப் பெயர்த்தால் பொருள் நிற்கும். அவ்வோரொலி வேறுபாடு மறையும். அத்தலைமுறையின் நினைவு அவ்வொலிப்பிலும் தங்கியிருத்தலின், மொழிபெயர்ப்பாளர் இப்பெயரை ஒலிபெயர்த்து விளக்குதலே தகும்.