இரு வைத்தியர்களின் பின்னே ஒரு மாணவர்

வைத்தியம் பயில்வோர் புத்தகத்தினால் மட்டும் பயில்வதில்லை. நோயாளியின் அருகில் இருக்கும் ஆசிரியருக்கு ஓரடி பின்னே நின்று, அவர் கை எங்கே செல்கிறது, கண் எதை நோக்குகிறது, எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறார் என்று கவனித்தே பயில்கின்றனர். நம் நாட்டுக் குருகுல முறை இதுதான். ஐரோப்பிய மருத்துவமனைகளில் வளர்ந்த முறையும் இதுதான். ஆனால் ஒரே மாணவர், ஒருவரையொருவர் எளிதில் ஒப்புக்கொள்ளாத இருவகை வைத்தியர்களின் பின்னே மாறி மாறி நின்றால் என்ன நேரும்? அதுவும் மொழியும் பழக்கமும் வேறான அந்நிய நாட்டில்?

1979-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அமெரிக்காவும் சீனாவும் தூதுறவு பூண்டன. அம்மாத இறுதியில் டெங் சியாவோபிங் வாஷிங்டனுக்கு வந்தபோது, விஞ்ஞானத் துறையில் ஒத்துழைக்கும் உடன்படிக்கையும் கையெழுத்தாயிற்று. அவ்வாண்டிலேயே ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி மாணவரான டேவிட் ஐசன்பர்க் என்பவர் பெய்ஜிங் போய்ச் சேர்ந்தார். மக்கள் சீனத்துக்குப் பரிமாற்ற முறையில் அனுப்பப்பட்ட முதல் அமெரிக்க மருத்துவ மாணவர் அவர். தம் நாட்டில் உடற்கூறும் நோய்க்கூறும் கற்றவர், இங்கே நாடி பார்க்கவும், நாக்கின் நிறத்தைக் குறிக்கவும், ஊசி நாட்டும் இடங்களை அறியவும் மூத்த வைத்தியர்களை அண்டி நின்றார். நவீன அறுவைக் கூடங்களிலும் நின்று பார்த்தார்.

அவர் சென்ற சீனம் எப்படிப்பட்டது என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். சீன வைத்தியம் அங்கே எந்நாளும் அரசின் ஆதரவோடு செழித்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. 1929 பிப்ரவரியில், அன்றைய தேசியவாத அரசின் சுகாதாரக் குழு, பழைய வைத்தியத்தைப் படிப்படியாக ஒழித்துவிடத் தீர்மானித்தது. அத்தீர்மானத்தை முன்மொழிந்த யூ யுன்ஷியூ ஜப்பானில் நவீன மருத்துவம் பயின்றவர். நாட்டு வைத்தியர்கள் வாளாவிருக்கவில்லை. மார்ச் 17-ஆம் தேதி ஷாங்காய் நகரில் திரண்டு கூடிப் பெருங்கிளர்ச்சி செய்தனர். தீர்மானம் செயலுக்கு வராமலே போயிற்று. 1949-க்குப் பின் வந்த பொதுவுடைமை அரசுக்கோ, கோடிக்கணக்கான மக்களும் விரல்விட்டு எண்ணத்தக்க நவீன டாக்டர்களுமே வாய்த்தனர். கையில் இருப்பதைக் கொண்டு காரியம் ஆகவேண்டிய நிலை. 1955-இல் பெய்ஜிங்கில் சீன வைத்திய ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. 1956-இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சௌ, செங்டு ஆகிய நான்கு நகரங்களில் கல்லூரிகள் எழுந்தன. 1958-இல் மா சே துங், சீன வைத்தியம் ஒரு பெரும் பொக்கிஷம் என்று எழுதியபின், மேல்நாட்டு முறையில் தேறிய டாக்டர்களைப் பழைய வைத்தியம் பயிலச் செய்யும் ஏற்பாடு வேகம் பெற்றது. பட்டம் பெற்ற டாக்டர் மீண்டும் மாணவராகிக் கிழவைத்தியரின் அருகே அமர்ந்தார். சிலர் மனமுவந்து அமர்ந்தனர். மேலிடத்து உத்தரவுக்காக அமர்ந்தவர்களும் இருந்திருப்பார்கள் என்று நாம் ஊகிக்கலாம்.

அவ்வாறு பயின்றவர்களில் ஒருவர் தூ யூயூ அம்மையார். 1955-இல் மருந்தியலில் பட்டம் பெற்றுப் பின்னர் இரண்டரை ஆண்டுகள் சீன வைத்தியம் கற்றவர். 1967-இல் தொடங்கிய மலேரியா ஆராய்ச்சியில் பின்னர் சேர்ந்த அவர், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங் என்பவரின் கையேட்டில் ஒரு குறிப்பைக் கண்டார். ஒருவகைப் பூண்டை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாறெடுத்துக் குடிக்குமாறு அதில் எழுதியிருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை! கொதிக்க வைத்தால் குணம் கெடுகிறதோ என்று ஐயுற்ற அம்மையார், ஈதரைக் கொண்டு குறைந்த வெப்பத்தில் சத்தைப் பிரித்தார். 1971 அக்டோபரில் அந்தச் சாரம் எலிகளின் மலேரியாவை அறவே நீக்கியது. அப்பூண்டு, நம் பெண்கள் கூந்தலில் சூடும் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்தது. அதிலிருந்து கிடைத்த ஆர்ட்டெமிசினின் என்ற மருந்துக்காக 2015-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

அதே 1971-ஆம் ஆண்டு ஜூலையில், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங்கில் இருந்தபோது அவருக்குக் குடல்வால் அழற்சி கண்டது. ராக்ஃபெல்லர் நிதியத்தின் பொருளால் கட்டப்பட்ட பழைய பீகிங் யூனியன் மருத்துவமனையில் அறுவை நடந்தது. மறுநாள் வயிறு உப்பி வேதனைப்பட்டபோது, வைத்தியர் ஒருவர் அவர் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஊசி நாட்டி, வயிற்றருகே மூலிகையைக் கொளுத்திக் காட்டினார். ஒரு மணி நேரத்துக்குள் தொல்லை தணிந்தது என்று ரெஸ்டன் எழுதினார். ஊசி குத்தியே அறுவை நடந்ததாக அமெரிக்காவில் கதை பரவிவிட்டது. அறுவைக்குக் கொடுத்ததோ வழக்கமான உணர்வுநீக்கி மருந்துதான். ஒரு செய்தி கடல் கடக்கும்போது எவ்வளவு பருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியாது.

இந்த ஆரவாரத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே ஐசன்பர்க் சென்றார் எனலாம். பின்னர் 1985-இல் தம் அனுபவத்தை நூலாக எழுதினார். அங்கே அவர் கண்ட முறை, சித்த வைத்தியம் அறிந்த நமக்குப் புதிதன்று. வைத்தியர் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து நாடியை உணர்கிறார். நாக்கைப் பார்க்கிறார், குரலைக் கேட்கிறார், உறக்கத்தையும் பசியையும் விசாரிக்கிறார். நாம் வாதம், பித்தம், கபம் என்று பகுக்கும் இடத்தில் அவர் யின், யாங் என்றும், சீ என்னும் உயிராற்றல் என்றும் பேசுகிறார். மூலிகை அறைகளில் இழுப்பறை இழுப்பறையாய் வேர்களும் பட்டைகளும் இருக்கும். கைத்தராசில் நிறுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். அதிமதுரம் சேராத கஷாயம் அங்கே குறைவு. அந்த வைத்தியசாலையிலேயே எக்ஸ்ரே கருவியும் இரத்தப் பரிசோதனையும் உண்டு. நவீன மருத்துவமனையிலும் சீன வைத்தியப் பிரிவு உண்டு. கீகோங் என்னும் மூச்சுப் பயிற்சியில் வல்லவர்கள் காட்டிய அற்புதங்களைக் கண்டு ஐசன்பர்க் வியந்தார். ஆயினும் முறையாகச் சோதித்தறிய வேண்டும் என்ற நிலையை அவர் கைவிடவில்லை. நம்பவும் அவசரப்படாமல், நகைக்கவும் அவசரப்படாமல் நிற்பது ஓர் இளைஞருக்கு எளிய காரியமா?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல் இடறுகிறது. சீனர்கள் ‘சீன வைத்தியம்’, ‘மேலை வைத்தியம்’ என்று இரண்டையும் பெயர் சொல்லி அழைக்கின்றனர். ஒன்றை ‘வைத்தியம்’ என்றும் மற்றதை ‘மாற்று வைத்தியம்’ என்றும் பிரிப்பது அவர்கள் வழக்கமன்று. எதற்கு எது மாற்று? ஷாங்காய்க் கிழவிக்கு மாத்திரையே மாற்றாக இருந்திருக்கக்கூடும். தமிழில் ‘மாற்று’ என்பதற்குப் பொன்னின் தரம் என்ற பொருளும் உண்டு. உரைகல்லில் தேய்த்துத்தான் மாற்றுக் காண்பார்கள். ஆசிரியர் அகராதியில் இப்பொருளைச் சேர்த்தது மருத்துவத்தை எண்ணி அன்று என்றாலும், பொருத்தம் நன்றாகவே இருக்கிறது.

உரைகல்லில் தேறியதும் உண்டு, தேறாததும் உண்டு. ஆஸ்துமாவுக்குச் சீனர் வழங்கிவந்த மாஹுவாங் செடியிலிருந்து ஜப்பானிய விஞ்ஞானி நாகாய் 1885-இல் எபிட்ரின் பிரித்தார். அதன் குணங்களை மேற்சொன்ன பீகிங் கல்லூரியில் ஆராய்ந்து சென், ஷ்மிட் என்னும் இருவர் 1924-இல் வெளியிட்டபின் உலகமே அதை ஏற்றது. மறுபுறம், பெல்ஜியத்துப் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலியச் சீன மூலிகை உட்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதுபட்ட செய்தி 1993-இல் வெளியாயிற்று. ஒரு மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒத்த வேறொன்று சேர்ந்ததே காரணம். பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கும் மேல். சிலருக்குப் பின்னாளில் புற்றுநோயும் கண்டது. மூலிகைதானே, தீங்கு என்ன செய்யும் என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

இந்தியரும் இவ்வழியில் நடந்ததுண்டு. 1938-இல் காங்கிரஸ் சீனாவுக்கு அனுப்பிய ஐந்து டாக்டர்களில் கோட்னிஸின் பெயரை எல்லோரும் அறிவர். அவர் 1942-இல் அங்கேயே உயிர்நீத்தார். உடன் சென்ற விஜயகுமார் பாசு ஊர் திரும்பினார். 1950-களின் பிற்பகுதியில் அவர் மறுபடி சீனம் சென்று, அக்குபங்சர் கற்று வந்து கல்கத்தாவில் அதைக் கையாண்டார். ரெஸ்டனின் கட்டுரைக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முந்திய செய்தி இது. பத்திரிகை ஆரவாரம் ஏதுமில்லை.

ஐசன்பர்க் ஊர் திரும்பியபின் செய்த காரியம்தான் அவர் பயணத்தின் பெரும்பயன் என்பது நம் கருத்து. 1990-இல் அமெரிக்காவில் 1,539 பேரைத் தொலைபேசியில் விசாரித்து, முடிவை 1993-இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்டனர். மூவரில் ஒருவர் முந்திய ஓராண்டில் வழக்கத்துக்குப் புறம்பான சிகிச்சை ஏதேனும் ஒன்றை நாடியிருந்தார். அவர்களில் நூற்றுக்கு 72 பேர் அதைத் தம் டாக்டரிடம் சொல்லவே இல்லை. டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியிருக்கும் நம் வீடுகளில், ஊரிலிருந்து வந்த சூரணப் பொட்டலம் ஒருபுறமும், ஹக்கீமின் லேகியமோ ஹோமியோபதி உருண்டையோ மறுபுறமும் இருக்க, ஆஸ்பத்திரியில் “வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால் “இல்லை” என்றே சொல்கிறோம். டாக்டர் சினந்துவிடுவார் என்ற அச்சம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை உண்பவர் வேறு சில மூலிகைகளைச் சேர்த்து உண்டால் குருதிப்பெருக்கு நேரக்கூடும். கேட்ட டாக்டருக்கு அது தெரிய வழியில்லை.

அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிலையங்களில், இத்தகைய வைத்தியங்களைச் சோதிப்பதற்கென 1990-களின் தொடக்கத்தில் ஒரு சிறு அலுவலகம் ஏற்பட்டது. 1998-இல் அது தனி மையமாயிற்று. 2014-இல் அம்மையத்தின் பெயரிலிருந்து ‘மாற்று’ என்னும் பொருள்படும் சொல்லை எடுத்துவிட்டு, ‘ஒருங்கிணைந்த’ என்ற சொல்லை வைத்தார்கள்.